பினாங்கு மாநகர் விளையாட்டரங்கில் ஓர் இரவு



காற்பந்தாட்டத்தை அறியாதவர் நம்மிடையே இல்லை. பள்ளித் திடலிலும், தோட்டத்துப் பாடாங்கிலும், மாக் மண்டின் தொழிற்பேட்டையின் ஓரத்து வெற்று நிலத்திலும் நாள்தோறும் மாலையில் பந்து உருண்டுகொண்டுதான் இருக்கிறது. ஆயினும், ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டோர் ஆடும் அரங்கினுள் ஒருமுறையேனும் அமர்ந்து கண்டவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், விரல் விட்டு எண்ணிவிடலாம். சில ஆண்டுகளுக்கு முன்னர், பட்டர்வொர்த்துக்கும் தீவுக்குமிடையே பழைய பெரிய படகுகள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், பன்னிரண்டு பிள்ளைகளையும் சில பெற்றோர்களையும் அழைத்துக்கொண்டு பினாங்கு மாநகர் விளையாட்டரங்கிற்கு நாங்கள் சென்று வந்தோம். அங்கே கண்டவற்றையும் கேட்டறிந்தவற்றையும் இங்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

எங்களுடன் பெரியவர் ஒருவரும் வந்தார். எழுபது வயதைக் கடந்தவர். செபராங் பிறையின் உட்பகுதியில் இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மாணவன் ஒருவனின் பாட்டனார். பேரனுக்குத் துணையாக வருவதாகவே சொன்னார். வழியெல்லாம் அதிகம் பேசவில்லை.

நம் நாட்டில் ஆட்டங்கள் பெரும்பாலும் இரவில் நடைபெறுவன. பகல் வெம்மை தணிந்த பின்னர், மாலைத் தொழுகையும் முடிந்த பின்னர் தொடங்குவதே வழக்கம். ஆகவே பொழுது சாயும் வேளையில் பட்டர்வொர்த் துறையில் படகேறினோம். அக்காலத்தில் கட்டணம் பட்டர்வொர்த் பக்கம் மட்டுமே வாங்கப்பட்டது. திரும்பி வரக் காசு கேட்பதில்லை. அப்பெரிய படகுகள் 2020-ஆம் ஆண்டின் இறுதியோடு பயணிகளை ஏற்றும் பணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டன. தீவின் துறையில் இறங்கிப் பேருந்தில் கொம்தார் வழியாகச் சென்று, லோரோங் கூலிட் பழம்பொருட் சந்தைக்கு அருகில் உள்ள அரங்கை அடைந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. ஆனால் அரங்கின் மேல் மட்டும் பகல்!

நாற்புறமும் உயர்ந்த கம்பங்களின் மேலிருந்து விளக்குகள் ஒளியைக் கொட்டின. வெளியே கச்சாங் பூத்தே விற்போரும், கரும்புச் சாறு பிழிவோரும், நீலமும் மஞ்சளுமான துண்டுகளை விற்போரும் நெருங்கி நின்றனர். பினாங்கு மாநிலக் கொடியின் நிறங்கள் நீலம், வெள்ளை, மஞ்சள். நடுவில் பாக்கு மரம். 'பினாங்' என்னும் மலாய்ச் சொல்லுக்குப் பொருளே பாக்கு என்பதைப் பிள்ளைகள் அங்கேதான் கேட்டுத் தெரிந்துகொண்டனர். மாநிலக் குழுவுக்குக் கருஞ்சிறுத்தை என்று செல்லப் பெயரும் உண்டு.

இவ்வரங்கின் மலாய்ப் பெயர் ஸ்டேடியம் பண்டாரயா. பண்டாரயா என்றால் மாநகர். ஜார்ஜ் டவுன் 1957-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், நாடு விடுதலை பெறுவதற்கு எட்டு மாதங்கள் முன்னரே, மாநகர் என்னும் தகுதியைப் பெற்றது. அரங்கு நாட்டின் பழைய விளையாட்டரங்குகளுள் ஒன்று. ஏறத்தாழ இருபதாயிரம் பேர் அமரலாம். ஒரு பக்கத்தில் கூரையுள்ள மண்டபம்; மற்றப் பக்கங்களில் திறந்த படிக்கட்டுகள். எங்களுக்குக் கிடைத்தது படிக்கட்டுத்தான். மழை வந்தால் நனைய வேண்டியதுதான் என்று பக்கத்தில் அமர்ந்திருந்த மலாய்க்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். பழைய நாளிதழ்த் தாள்களைக் கையோடு கொண்டு வந்து விரித்து அமர்ந்தவர் அவர். அனுபவசாலி!

உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் வாய் திறந்தது பசும்புல்லைக் கண்டுதான். தொலைக்காட்சியில் திடல் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது. நேரில் காணும்போதே அதன் அகலம் புலனாகிறது. அனைத்துலக ஆட்டங்களுக்கான திடலின் நீளம் பொதுவாக 105 மீட்டர், அகலம் 68 மீட்டர். தொண்ணூறு நிமிடமும் அதில் ஓட வேண்டும். தொலைக்காட்சிப் படக்கருவி பந்தின் பின்னாலேயே ஓடும். அரங்கிலோ பந்து இல்லாத இடத்தில் நடப்பதையும் காணலாம். ஒரு முன்னணி ஆட்டக்காரர் பந்து தம்மிடம் வருவதற்கு வெகு முன்னரே தலையைத் திருப்பி இருபுறமும் நோக்கிக்கொண்டதையும், பின்னணியினர் நால்வரும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவர்போல் முன்னும் பின்னும் நகர்ந்ததையும் எங்கள் பிள்ளைகளே கண்டு சொன்னார்கள்.

இந்த அரங்கு உலகறிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள், மலேசிய சூப்பர் லீக் ஆட்டமொன்றில் பினாங்குக் குழு பகாங் குழுவை எதிர்த்து இங்கே ஆடியது. முப்பது மீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் பினாங்குக்கு ஒரு தனியுதை கிடைத்தது. கெடாவில் பிறந்த முகமட் ஃபைஸ் சுப்ரி அதை உதைத்தார். பந்து முதலில் ஒரு பக்கமாகச் சென்றது. கோல் காவலரும் அப்பக்கம் நகர்ந்தார். மறுகணம், எவரோ கயிறு கட்டி இழுத்ததுபோல் பந்து நடுவானில் திரும்பி, மறுபக்க மேல்மூலையில் புகுந்தது! அந்த ஆண்டின் உலகின் மிகச் சிறந்த கோலுக்கான புஸ்காஸ் விருது அதற்கே வழங்கப்பட்டது. அப்போது பொதுமக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த விருது அது; பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் இந்தக் கோலுக்கே விழுந்தன. 2017-ஆம் ஆண்டு சனவரி 9-ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில், பிரேசில் நாட்டின் புகழ்பெற்ற ரொனால்டோவின் கையால் ஃபைஸ் சுப்ரி அதைப் பெற்றார். ஆசியர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. மேடையில் பேச வேண்டிய உரையைத் தம் கைப்பேசியில் தேடி அவர் சற்றே தடுமாறியதையும் உலகம் கண்டது. பேச்சுப் போட்டியில் மேடையேறி மறந்துபோய் நிற்கும் நம் பிள்ளைகளுக்கு அது ஆறுதலாக இருக்கட்டும்.

பந்து எப்படித் திரும்பியது? பலர் இதை மாயம் என்றே எண்ணுகின்றனர். மாயமன்று. காற்பந்தின் எடை 410 முதல் 450 கிராம் வரை. சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர் வரை. அதன் ஓரத்தில் உதைத்தால் பந்து சுழன்றுகொண்டே செல்லும். சுழலும் பந்து தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் ஒரு பக்கமாக இழுத்துத் தள்ளுகிறது. காற்று பந்தை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. ஆகவே அது வாழைப்பழம்போல் வளைந்து செல்லும். இது ஒரே சீரான வளைவு. பழகிய காவலர் முன்கூட்டியே கணித்துவிடுவார். பந்தின் நடுவில் ஓங்கி உதைத்து, அது ஏறக்குறையச் சுழலாமலேயே பறக்குமாறு செய்தால் கதை வேறு. பந்தின் தையல்களிலும் மடிப்புகளிலும் மோதும் காற்று, ஒரு கணம் ஒரு பக்கமும் மறுகணம் இன்னொரு பக்கமுமாகப் பிரிந்து செல்கிறது. பந்து எப்பக்கம் அலையும் என்பது உதைத்தவருக்கே திட்டமாகத் தெரியாது!

இவ்வகை உதைக்கு 'நக்கிள்பால்' என்று பெயர். அப்பெயர் காற்பந்தில் பிறந்ததன்று. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மக்கள் பெருந்திரளாகக் காணும் பேஸ்பால் ஆட்டத்திலிருந்து வந்தது. நம் பள்ளிகளில் ஆடும் ரவுண்டர்ஸ் ஆட்டத்திற்கு அது நெருங்கிய உறவு. அங்கே பந்தெறிபவர் பந்தை விரல் நுனிகளாலும் மூட்டுகளாலும் பற்றி, சுழலாதபடி எறிவார். மட்டை பிடித்தவர் காற்றையே அடிப்பார். ஒரே காற்றுத்தான், எந்த நாட்டிலும்.

அந்தக் கோல் விழுந்த பக்கம் எது என்று எங்கள் பிள்ளைகள் கேட்க, நாளிதழ் விரித்த மலாய்க்காரர் எழுந்து நின்று கைநீட்டிக் காட்டினார். அன்றிரவு தாமும் இருந்ததாகச் சொன்னார். அந்தப் பெருமையை அவர் எத்தனை முறை சொல்லியிருப்பாரோ, நாமறியோம். ஆனால் புதிதாகச் சொல்வதுபோலவே சொன்னார்.

பினாங்கின் பழம்பெருமையும் சிறிதன்று. 1921-இல் எச்.எம்.எஸ். மலாயா என்னும் போர்க்கப்பலின் நினைவாகத் தொடங்கி, 1967 முதல் மலேசியக் கிண்ணம் என வழங்கிவரும் போட்டியில் பினாங்கு 1953, 1954, 1958, 1974 ஆகிய ஆண்டுகளில் வாகை சூடியது. 1974-இன் இறுதியாட்டம் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் நடந்தது. பேராக்கை இரண்டுக்கு ஒன்று என வென்றது. அதன் பின்னர் அக்கிண்ணம் பினாங்குக்கு வரவில்லை. லீக் வாகையை 1982, 1998, 2001 ஆகிய ஆண்டுகளில் பெற்றது. அந்த 1974 இறுதியாட்டத்தைத் தாம் லயத்து வாசலில் டிரான்சிஸ்டர் வானொலியில் கேட்டதாகப் பெரியவர் சொன்னார். அன்று மாலை முதல் அவர் பேசிய முதல் நீண்ட வாக்கியம் அதுதான்.

இவ்விடத்தில் 'தொழில்முறை' என்னும் சொல்லைச் சற்று விளக்குவோம். 1974-இல் ஆடியோர் பகலில் வேறு வேலை பார்த்து மாலையில் பயிற்சி செய்தவர்கள். 1989-இல் பகுதித் தொழில்முறை லீக் தொடங்கியது. 1994-இல் முழுத் தொழில்முறை வந்தது. 2004 முதல் சூப்பர் லீக். இன்று ஆட்டக்காரருக்கு ஆட்டமே வேலை. ஒப்பந்தமும் மாதச் சம்பளமும் உண்டு. கேட்பதற்கு இனிமைதான். ஆனால் நம் நாட்டில் சில குழுக்கள் ஆட்டக்காரருக்குப் பல மாதச் சம்பளத்தைக் கொடுக்காமல் நிறுத்தி வைத்ததும், அவர்கள் முறையிட்டு அலைந்ததும் நாளிதழ்களில் மீண்டும் மீண்டும் வந்த செய்திகளே. சம்பள நாளன்று வெறுங்கையோடு வீடு திரும்புவது என்னவென்று நம் பெற்றோருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. விளக்கொளியில் ஓடும் அந்த இளைஞரும் தொழிலாளியே.

முதற்பாதி கோலின்றி முடிந்தது. இடைவேளை பதினைந்து நிமிடம். பன்னிரண்டு பிள்ளைகளையும் எண்ணினோம், பன்னிருவரும் இருந்தனர். கழிப்பறைக்குச் சென்றவர்களையும் எண்ணியே அனுப்பி எண்ணியே பெற்றோம். எல்லாம் சரி என்று அமர்ந்தபோது பேரன்தான் கேட்டான்: "தாத்தா எங்கே?"

பிள்ளைகளை எண்ணிய நாங்கள் பெரியவரை எண்ணவில்லை! தவறு முழுதும் எங்களுடையதே. கைப்பேசி அவரிடம் இல்லை. ஆயிரக்கணக்கானோர் எழுந்தும் நடந்தும் இருக்கும் அந்நேரத்தில் வெள்ளைச் சட்டை அணிந்த முதியவர் ஒருவரை எங்கே தேடுவது? கழிப்பறைப் பக்கம் ஒருவர், வாயிற்பக்கம் ஒருவர், கடைகளின் பக்கம் ஒருவராகப் பிரிந்தோம். முதல் நாள் இரத்த அழுத்தத்திற்கு மருந்து வாங்கியவர் அவர் என்று மகள் சொன்னபோது எங்களுக்கு வியர்த்துவிட்டது. இரண்டாம் பாதி தொடங்கவிருந்த வேளையில், கோலுக்குப் பின்புற வேலிக் கம்பியைப் பற்றிக்கொண்டு அவர் நிற்பதைக் கண்டோம்.

இடைவேளையில் மாற்றுக் கோல் காவலர்கள் திடலில் இறங்கிப் பயிற்சி செய்வது வழக்கம். ஒருவர் உதைக்க, ஒருவர் பாய்ந்து பிடித்துக்கொண்டிருந்தார். பெரியவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பந்தையன்று, அந்தக் காவலரின் கால்களை.

"நானும் காவலர்தான்" என்றார், எங்களைத் திரும்பிப் பாராமலேயே. "தோட்டத்துக் குழுவில் பதினோரு வருசம் நின்றேன்."

கையுறை இல்லை, மூங்கில் கோல் கம்பம், வலையும் இல்லை. கோலா இல்லையா என்று ஒவ்வொரு முறையும் சண்டை. கிராணி ஒருவரே நடுவர். மே தினத்தன்று பக்கத்துத் தோட்டங்களோடு போட்டி. பரிசு ஓர் ஆடு. இவை யாவும் பேரனுக்கே புதிய செய்தி. தோட்டம் விற்கப்பட்டு, பாடாங்கின் மேல் வீடுகள் எழுந்த பின்னர் அவர் இதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லையாம். இந்த அரங்கிற்கு ஒருமுறை வந்து ஆட்டம் பார்க்க வேண்டும் என்று இளமையில் எண்ணியிருந்தார். விடியுமுன் வெட்டுக்குப் போக வேண்டியவர் இரவு ஆட்டம் பார்த்துவிட்டுக் கடைசிப் படகில் திரும்புவது எங்ஙனம்?

இரண்டாம் பாதி முழுவதும் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டனர். விளக்கம் சொல்லும் வேலை எங்கள் கையை விட்டுப் போயிற்று. அவர் சொன்னவற்றுள் ஒன்றை மட்டும் எழுதுகிறோம். கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். பந்து நேர் எதிரே பத்து மீட்டரில் இருக்கிறது என்று கொள்வோம். காவலர் கோட்டின் மேலேயே நின்றால் 7.32 மீட்டரையும் காக்க வேண்டும். ஐந்து மீட்டர் முன்னே வந்து நின்றாலோ காக்க வேண்டிய அகலம் பாதியாகக் குறைந்து 3.66 மீட்டர் ஆகிவிடும். பந்திலிருந்து இரு கம்பங்களுக்கும் கோடு போட்டு முக்கோணம் வரைந்து பாருங்கள்; கணக்கு விளங்கும். பெரியவர் முக்கோணம் என்ற சொல்லைச் சொல்லவில்லை. "கோட்டிலேயே நின்றால் கதவு அகலம், முன்னே போனால் கதவு ஒடுங்கும். ஆனா ரொம்ப முன்னே போனா தலைக்கு மேலே தூக்கிப் போட்டுருவான்" என்றார். கணித ஆசிரியர் ஒருவர் எங்களோடு இருந்தார். அவர் தலையசைத்துக்கொண்டார்.

கோல் காவல் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருபவர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளைக் கண்டு மக்கள் 'ஸ்பைடர்மேன்' என்றே அழைத்தனர். 1980-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை இரண்டுக்கு ஒன்று என வென்று மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றபோது கோலைக் காத்தவர் அவர். ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகள் புகுந்ததை எதிர்த்து மலேசியா அவ்வொலிம்பிக்கைப் புறக்கணித்ததால், வென்றவர்கள் போகவே இல்லை. ஆறுமுகம் 1988-இல் சாலை விபத்தில் மறைந்தார். 2016-இல் வெளிவந்த 'ஓலா போலா' திரைப்படத்தில் வரும் முத்து என்னும் கோல் காவலரைக் கண்ட நம் பிள்ளைகள், அக்கதைக்கு அடிப்படையாக அமைந்த அந்த அணியில் உண்மையாக நின்றவர் பெயரையும் அறிந்திருத்தல் நலம். பெரியவர் அவர் பெயரைச் சொன்னபோது குரல் சற்றே கம்மிற்று.

ஆட்டம் கோல் எதுவும் விழாமலே முடிந்தது. பிள்ளைகளில் சிலருக்கு ஏமாற்றம். பெரியவருக்கு மட்டும் முழு நிறைவு: "ரெண்டு பக்கமும் காவலர் நல்லா நின்னானுங்க!"

நடுவர் இறுதி ஊதலை ஊதியதும் நாங்கள் எழவில்லை. இதைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டுகிறோம். அரங்குகளில் உயிர்ச்சேதம் நேர்வது பெரும்பாலும் ஆட்டத்தால் அன்று, நெரிசலால். 1989-இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ அரங்கில் நேர்ந்த நெரிசலில் 97 பேர் மாண்டனர். 2022-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், நம் அண்டை நாடான இந்தோனேசியாவின் மாலாங் நகரில், கண்ணீர்ப்புகைக்கு அஞ்சி ஒடுங்கிய வாயில்களை நோக்கி ஓடிய கூட்டத்தில் 135 பேர் உயிரிழந்தனர். பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர். உள்ளே நுழைந்தவுடனேயே வெளியேறும் வழிகள் எங்கெங்கே என்று பார்த்து வையுங்கள். பிரிந்தால் கூடுமிடம் ஒன்றை முன்னரே சொல்லி வையுங்கள். நுழைவுச்சீட்டின் துண்டை எறிந்துவிடாதீர்கள். எந்த வாயில், எந்தப் பகுதி என்பது அதிலிருந்தால் பிள்ளை அதைக் காட்டி வழி கேட்க இயலும். கூட்டம் கலையும்வரை இருபது நிமிடம் அமர்ந்திருப்பதால் நட்டம் ஒன்றுமில்லை. பெரியவர்களையும் எண்ணிக்கொள்ளுங்கள்!

படகில் மேல்தளத்தில் காற்று குளிர்ந்து வீசியது. பின்னால் ஜார்ஜ் டவுனின் விளக்குகள். தெற்கே 1985-இல் திறக்கப்பட்ட பாலத்தின் விளக்கு வரிசை. பிள்ளைகளில் பாதிப்பேர் உறங்கிவிட்டனர். பேரன் உறங்கவில்லை. மலாய்க்காரர் விட்டுச் சென்ற நாளிதழைச் சுருட்டிப் பந்தாக்கி, இரப்பர் வளையம் போட்டு வைத்திருந்தான்.

"தாத்தா, பிடிக்கும்போது கையை எப்படி வைக்கணும்?"

பெரியவர் இருக்கையிலிருந்து எழுந்தார். படகின் ஆட்டத்திற்கு ஏற்பக் கால்களை அகற்றி ஊன்றிக்கொண்டார். இரு கட்டை விரல்களும் ஏறக்குறையத் தொடுமாறு உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். பால்வெட்டும் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கைகள். "கட்டை விரல் ரெண்டுக்கும் நடுவிலே இடைவெளி விட்டியோ, பந்து அதுக்குள்ளே பூந்து மூக்குலே அடிக்கும்" என்றார். பேரன் எறிந்தான். பிடித்தார். மறுபடியும் எறிந்தான். பட்டர்வொர்த் துறையில் படகு முட்டி நின்று, சங்கிலிகள் இறங்கும் ஓசை கேட்கும்வரை இருவரும் நிறுத்தவில்லை.